கப்பல்ல கை போச்சு, இப்ப கையெழுத்து கேக்குறாங்க
வாசகர் கேள்வி-பதில்

போன இதழ்ல கப்பல் வேலைக்குப் போறவங்க கான்ட்ராக்ட்ல என்னென்ன பாக்கணும்னு ஒரு சின்ன பதில் எழுதியிருந்தேன். அதுக்கப்புறம் வந்த கடிதங்கள்ல முக்கால்வாசி விபத்து, ஊனம், நஷ்டஈடு பத்தித்தான். அதனால இந்த இதழ் முழுக்க அதுக்கே. பேர் போட வேணாம்னு எல்லாருமே கேட்டிருக்கீங்க, யார் பேரும் போடல.

அண்ணே, எனக்கு 30 வயசு. பனாமா கொடி போட்ட பல்க் கேரியர் சரக்குக் கப்பல்ல ஏபியா (டெக்ல வேலை பாக்குற தேர்ந்த மாலுமியா) இருந்தேன். 2025 மார்ச்ல கப்பலைத் துறைமுகத்துல கயிறு போட்டுக் கட்டும்போது மூரிங் ரோப்புக்கும் விஞ்ச் டிரம்முக்கும் நடுவுல வலது கை மாட்டிக்கிச்சு, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயிருச்சு. சிங்கப்பூர்ல ஆபரேஷன் பண்ணி ஊருக்கு அனுப்பிட்டாங்க. இப்ப ஏஜென்ட் ஆபீஸ்ல கூப்பிட்டு "உனக்கு 20 சதவீத ஊனம், 3,75,000 ரூபா வாங்கிக்க, இதுல கையெழுத்துப் போடு"ங்குறாங்க. போடலாமா?
– வாசகர், தூத்துக்குடி

போடாதீங்க தம்பி. அந்தப் பேப்பரை ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு, "வீட்ல கலந்து பேசிட்டு வர்றேன்"னு சொல்லிட்டு எழுந்து வந்துருங்க. அதுல "இனிமே எந்தக் காலத்துலயும் கம்பெனி மேல, கப்பல் மேல, ஓனர் மேல எந்தக் கிளெய்மும் பண்ண மாட்டேன்"னு ஒரு வரி கண்டிப்பா இருக்கும், அந்த ஒரு வரிக்காகத்தான் அவங்க இவ்வளவு அவசரப்படுறாங்க.

அந்த 3,75,000 எங்க இருந்து வந்துச்சுன்னு முதல்ல பாருங்க. நம்ம நாட்டு 1923-ஆம் வருஷத்து தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துல கணக்குக்கு எடுத்துக்குற மாசச் சம்பளத்துக்கு ஒரு உச்சவரம்பு இருக்கு, 2020 ஜனவரியில இருந்து அது 15,000 ரூபா. (அந்தச் சட்டம் 2025 நவம்பர்ல சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள்ள போயிருச்சு, ஆனா உங்க விபத்து மார்ச்லயே நடந்ததால பழைய கணக்குத்தான்.) 15,000-ல 60 சதவீதம் 9,000. அதை 30 வயசுக்கு உண்டான 207.98-ங்கிற எண்ணால பெருக்குனா 18,71,820. இது முழு ஊனத்துக்கு. அந்தச் சட்டத்தோட அட்டவணையில ஒரு கையில ரெண்டு விரல் போனா 20 சதவீதம்னு இருக்கு, அதுபடி 3,74,364. அதைக் கொஞ்சம் ரவுண்ட் பண்ணி உங்க முன்னாடி வச்சிருக்காங்க, அவ்வளவுதான் விஷயம்.

ஐஎல்ஓ (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) சொல்ற குறைஞ்சபட்ச அடிப்படைச் சம்பளமே 2025-ல ஒரு ஏபிக்கு மாசம் 673 டாலர், ரூபாயில ஐம்பதாயிரத்துக்கு மேல. உங்களுக்கு அதைவிடக் கூடவே வந்திருக்கும். அப்படிச் சம்பாதிச்ச ஆளுக்கு 15,000 ரூபா கணக்குல விரலை மட்டும் எண்ணிப் பாத்து பணம் குடுக்குறது நியாயமே இல்ல. இன்னொண்ணும் கவனிங்க, வெளிநாட்டுக் கொடிக் கப்பல் மேல இதே சட்டத்துல நீங்க கேஸ் போட்டா "இந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது"ன்னு கம்பெனி வக்கீலே வந்து வாதாடுவார். குறைச்சுக் குடுக்குறதுக்கு மட்டும் அதே சட்டம் வேணுமா?

நீங்க முதல்ல பாக்க வேண்டியது உங்க கான்ட்ராக்டும், அதுகூட சேர்ந்த சிபிஏவும். சிபிஏன்னா யூனியனும் கம்பெனியும் போட்ட கூட்டு ஒப்பந்தம். சைன் ஆன் பண்ணும்போது குடுத்த காப்பி கைவசம் இல்லன்னா ஏஜென்ட்கிட்ட எழுத்துல கேளுங்க, குடுத்தே ஆகணும். ஐடிஎஃப் (சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு) ஒப்புதல் உள்ள ஒப்பந்தமா இருந்தா அதுல ஊனத்துக்குன்னு தனி அட்டவணை இருக்கும், டாலர்ல, பதவிவாரியா. ரொம்பப் பேர் கவனிக்காம விட்டுடுற ஒரு ஷரத்து அந்த மாதிரி ஒப்பந்தங்கள்ல உண்டு: ஊனம் 50 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா முழுத் தொகை, 50-க்குக் கீழ இருந்தாலும் "இனிமே எந்த வேலையிலயும் கடலுக்குப் போக நிரந்தரமா தகுதி இல்ல"ன்னு டாக்டர் சர்ட்டிஃபை பண்ணிட்டா அப்பவும் முழுத் தொகை. உங்க கேஸ்ல மொத்த விஷயமும் இங்கதான் இருக்கு. வலது கையில அந்த ரெண்டு விரலும் இல்லாம ரோப்பைப் பிடிச்சு இழுக்க முடியுமா, ஏணியில தொங்கிக்கிட்டு சிப்பிங் அடிக்க (துரு தட்ட) முடியுமா, கிரிப் எவ்வளவு இருக்கு, அடுத்த மெடிக்கல்ல எந்த டாக்டராவது ஃபிட்னு எழுதுவாரா? இதை எல்லாம் ஒரு நல்ல கை அறுவை சிகிச்சை நிபுணர்கிட்ட காமிச்சு எழுத்துல வாங்குங்க. வெறும் "20% டிசபிலிட்டி"ன்னு எழுதி வாங்கிட்டு வந்தா பத்தாது, கடல் வேலைக்கு ஃபிட்டா அன்ஃபிட்டான்னு அதுல தெளிவா இருக்கணும்.

கம்பெனி டாக்டர் ஒண்ணு சொல்லி உங்க டாக்டர் வேற சொன்னா, ரெண்டு தரப்பும் ஒத்துக்குற மூணாவது டாக்டர்கிட்ட போகலாம்னு அந்த ஒப்பந்தங்கள்ல வழி இருக்கு, அவர் சொல்றதுதான் முடிவு. அந்த மூணாவது டாக்டரை நீங்கதான் எழுத்துல கேக்கணும், அவங்களா கேக்க மாட்டாங்க.

விரலை எண்ணாம வேலையைப் பாக்கணும்ங்கிறது நானா சொல்றது இல்ல. ஒரு தச்சருக்கு இடது கை போயிருச்சு, முதலாளி தரப்பு ஒரு கை தானே, பகுதி ஊனம்தான்னு வாதாடினாங்க, ஒத்தைக் கையால தச்சு வேலை பாக்க முடியாது, அதனால இது முழு ஊனம்னு நம்ம உச்ச நீதிமன்றம் 1975-லயே தீர்ப்பு சொல்லியிருக்கு. மூரிங் ஸ்டேஷன்ல நிக்கிற ஏபிக்கு வலது கை விரல் எப்படியோ தச்சருக்குக் கை அப்படி. வக்கீலைப் பாக்கும்போது இந்தத் தீர்ப்பை ஞாபகப்படுத்துங்க.

அடுத்து பணம் எங்க இருந்து வரும்ங்கிறது. மாலுமிகளோட வேலை உரிமைகளுக்குன்னு எம்எல்சி 2006-னு ஒரு சர்வதேச உடன்படிக்கை இருக்கு, பனாமா 2009-லயே சேர்ந்துருச்சு, இந்தியா 2015-ல. அதுல 2017 ஜனவரி 18-ல இருந்து அமலான திருத்தப்படி, வேலையில அடிபட்டு நீண்டகால ஊனமோ சாவோ வந்தா கான்ட்ராக்ட் தொகையைக் குடுக்குறதுக்கு ஒவ்வொரு கப்பலுக்கும் இன்சூரன்ஸ் மாதிரி ஒரு நிதிப் பாதுகாப்பு கட்டாயம். பெரும்பாலும் பி அண்ட் ஐ கிளப் (கப்பல் ஓனர்கள் சேர்ந்து நடத்துற இன்சூரன்ஸ் அமைப்பு) குடுக்குறது. அந்தச் சர்ட்டிஃபிகேட்டை கப்பல்ல எல்லாரும் பாக்குற இடத்துல ஒட்டியிருக்கணும், மெஸ் ரூம் வெளிய இருக்குற போர்டுல பாத்திருப்பீங்க. கப்பல்ல இன்னும் இருக்குற கூட்டாளிகிட்ட சொல்லி அதை ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்க, அதுல கிளப் பேரு, காண்டாக்ட் எல்லாம் இருக்கும். அதே திருத்தத்துல, கான்ட்ராக்ட் தொகையை முழுசா, தாமதம் இல்லாம குடுக்கணும், குறைச்சு வாங்கிக்கச் சொல்லி மாலுமியை நெருக்கக் கூடாதுன்னே எழுதியிருக்கு. ஊனம் எவ்வளவுன்னு முடிவாக நாள் ஆகும்னா, கஷ்டப்படாம இருக்க இடைக்காலப் பணம் குடுக்கணும்னும் இருக்கு. அதைக் கேளுங்க. வீட்ல அடுப்பு எரியணும்ங்கிற நெருக்கடியிலதான் நம்மாளுங்க கையெழுத்துப் போட்டுடுறாங்க, அது கம்பெனிக்கு நல்லாவே தெரியும்.

இன்னொண்ணு தம்பி, விபத்து ரிப்போர்ட் காப்பி வாங்கிட்டீங்களா? "சொந்தக் கவனக்குறைவால்"னு ஒரு வார்த்தை சேர்த்து, ஆஸ்பத்திரிப் படுக்கையில வச்சு கையெழுத்து வாங்குற பழக்கம் இருக்கு. அப்படி வாங்கியிருந்தா பயப்படாதீங்க. கவனக்குறைவு வேற, வேணும்னே பண்ணிக்கிட்டது வேற. எம்எல்சியில கப்பல் ஓனர் தப்பிக்கணும்னா வேணும்னே செஞ்ச தப்புன்னு காட்டணும், கால் வழுக்குனது கை தவறுனது எல்லாம் அதுல வராது. அன்னைக்கு எத்தனை மணி நேரம் தூங்காம இருந்தீங்க, விஞ்ச்சை ஓட்டுனது யாரு, ஸ்டேஷன்ல எத்தனை பேர் இருந்தாங்க, இதை எல்லாம் மறக்குறதுக்கு முன்ன ஒரு நோட்ல எழுதி வைங்க. இந்தியச் சட்டத்துல கிளெய்ம் போட ரெண்டு வருஷம்தான் டைம், உங்களுக்கு அது 2027 மார்ச்சோட முடியுது.

ஐயா, என் வீட்டுக்காரர் எஞ்சின் ரூம்ல ஆயிலர். கனமான வால்வைத் தூக்கும்போது இடுப்புல பிடிச்சு ஒரு மாசமா நிமிர முடியலங்குறாரு. சீஃப் ஆபீசர் வலி மாத்திரை குடுக்குறாரோட சரி. பெரிசு பண்ணா இறக்கி விட்ருவாங்க, அடுத்த தடவை கூப்பிட மாட்டாங்கன்னு பயந்து வாயைத் திறக்க மாட்டேங்குறாரு. கான்ட்ராக்ட் முடிய இன்னும் நாலு மாசம் இருக்கு. நான் என்ன பண்றது?
– வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

உங்க பயமும் புரியுது, அவர் பயமும் புரியுதும்மா. கடனை வாங்கிக் கோர்ஸ் முடிச்சு, சிடிசி (மாலுமியோட கடல் வேலைப் பதிவுப் புத்தகம்) எடுத்து, ஏஜென்ட் வாசல்ல காத்துக் கிடந்து கிடைச்ச வேலை, யாருக்குத்தான் விட மனசு வரும். ஆனா ஒண்ணை அவருக்குப் புரிய வைங்க. இப்ப எழுத்துல சொல்லாம பல்லைக் கடிச்சுக்கிட்டு நாலு மாசம் ஓட்டி, இறங்கும்போது "நல்ல உடம்போட இறங்குறேன்"னு ஒரு ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்தார்னா, அதுக்கப்புறம் ஸ்கேன்ல டிஸ்க் விலகியிருக்குன்னு வந்தாலும் "ஊர்ல போய் மூட்டை தூக்கியிருப்பார்"னு கம்பெனி ஒரே வரியில முடிச்சிரும். இடுப்பு கேஸ் அதிகமா தோக்குறதே இதனாலதான். விரல் போனா வெளிய தெரியும், முதுகு வெளிய தெரியாது, பேப்பர்லதான் தெரியும்.

அதனால இன்னைக்கே ஒரு இமெயிலோ லெட்டரோ கேப்டனுக்குக் குடுக்கச் சொல்லுங்க. சண்டை போடுற மாதிரி வேணாம், மரியாதையாவே எழுதலாம்: இந்தத் தேதி, இந்த வால்வைத் தூக்கும்போது, இன்னார் கூட இருந்தார், அன்னையில இருந்து வலி, அடுத்த போர்ட்ல டாக்டரைப் பாக்கணும். அவ்வளவு போதும். காப்பியை உங்க ஃபோனுக்கு அனுப்பி வைக்கட்டும். போர்ட்ல கப்பல் நிக்கும்போது முடிஞ்ச வரைக்கும் தாமதம் இல்லாம கரையில டாக்டரைப் பாக்குறது எம்எல்சி குடுத்த உரிமை, செலவு கப்பலோடது. நடுக்கடல்ல இருந்தாலும் ரேடியோவுலயோ சேட்டிலைட் ஃபோன்லயோ கரை டாக்டர்கிட்ட ஆலோசனை கேக்க 24 மணி நேர வசதி எல்லாக் கப்பலுக்கும் இலவசமா இருக்கு. கேப்டன் "அதெல்லாம் இல்ல"ன்னு சொல்ல முடியாது. போர்ட்ல டாக்டர் பாத்தா அந்த ரிப்போர்ட் காப்பி, மெடிக்கல் லாக்ல எழுதுனதோட போட்டோ, குடுத்த மாத்திரை அட்டை முதற்கொண்டு எடுத்து வைக்கணும்.

கேப்டன் காதுலயே வாங்கலன்னா கப்பல்லயே புகார் குடுக்குற முறை ஒண்ணு இருக்கு, புகார் குடுத்ததுக்காகப் பழி வாங்கக் கூடாதுன்னும் உடன்படிக்கையில இருக்கு. பழி வாங்கவே மாட்டாங்கன்னு நான் உங்களுக்குச் சத்தியம் பண்ண முடியாதும்மா. போர்ட்ல ஐடிஎஃப் இன்ஸ்பெக்டர்கிட்டயோ, ஊர்ல இருந்து நீங்களே டிஜி ஷிப்பிங்குக்கோ (மத்திய அரசோட கப்பல் துறை ஆபீஸ்) புகார் அனுப்பலாம், அவரோட இன்டோஸ் நம்பரும் (மாலுமியோட அடையாள எண்) கப்பலோட ஐஎம்ஓ நம்பரும் (கப்பலோட நிரந்தர அடையாள எண்) எழுதி வச்சுக்கோங்க. இறங்கி வந்துட்டார்னா வீட்டுக்கு வந்த கையோட டாக்டர்கிட்ட போகணும், போனதைக் கம்பெனிக்கு மெயில் போடணும். மருத்துவச் செலவும், நாட்டுச் சட்டமோ சிபிஏவோ சொல்ற அளவுக்குச் சம்பளமும் இறங்குனதுக்கு அப்புறமும் கப்பல் ஓனர் பொறுப்புதான். எம்எல்சிப்படி அதுக்கு ஒரு வரம்பு வைக்கணும்னாலும் அது 16 வாரத்துக்குக் கீழ போகக் கூடாது. ஐடிஎஃப் ஒப்பந்தங்கள்ல இன்னும் கூட.

எனக்கு சுகர் இருந்ததை மெடிக்கல்ல சொல்லல, சொன்னா எடுக்க மாட்டாங்கன்னு. இப்ப கப்பல்ல ஹார்ட் அட்டாக் வந்து இறக்கி விட்டுட்டாங்க. கிளெய்ம் கிடைக்குமா சார்?
– வாசகர், ராமநாதபுரம்

கஷ்டம் சார், மறைக்காம சொல்றேன். சேரும்போது தெரிஞ்சே மறைச்ச வியாதின்னா ஓனருக்குப் பொறுப்பு இல்லன்னு எம்எல்சியே விட்டுக் குடுத்திருக்கு. ஆனா அது மறைச்ச அந்த வியாதிக்கு. சுகரை மறைச்சதால ஹார்ட் அட்டாக்குக்கும் ஒண்ணும் இல்லன்னு கம்பெனி சொன்னா அதோட விட்டுடாதீங்க, ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு இதய டாக்டர் எழுத்துல சொல்லட்டும்.

வியாதி கேஸ்ல இன்னொரு தடை இருக்கு. கப்பல்ல இருந்த காலத்துல வந்த வியாதிக்கு வைத்தியச் செலவு கேக்குறது சுலபம், ஆனா ஊனத் தொகை கேக்கணும்னா அது வேலையால வந்ததுன்னு காட்டணும். 1961 டிசம்பர்ல "துவாரகா"ங்கிற கப்பல்ல இருந்த ஒரு டெக் மாலுமி நெஞ்சு வலின்னார், அப்புறம் தூக்கம் வரலைன்னார், ஒரு நாள் காலையில கப்பல்ல ஆளையே காணோம், உடம்பும் கிடைக்கல. அவங்க அப்பா கேஸ் போட்டு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு, 1969-ல வந்த தீர்ப்புல, வேலையாலதான் சாவு வந்துச்சுன்னு சொல்ல ஆதாரம் இல்லன்னு கை விரிச்சுட்டாங்க. மனசு கேக்காத தீர்ப்பு, ஆனா சட்டம் அங்கதான் நிக்குது. அதனால உங்க டியூட்டி நேரம், ஓய்வு நேர ரெக்கார்டு, எஞ்சின் ரூம் சூடு, அட்டாக் வந்த அன்னைக்குப் பாத்த வேலை, இதை எல்லாம் சேகரிங்க. தொடர்ந்து ஓய்வு இல்லாம வேலை வாங்குனதை ரெக்கார்டு காட்டுச்சுன்னா பேச இடம் இருக்கு.

என்கூட இருந்த பிலிப்பைன்ஸ் ஃபிட்டருக்கு 120 நாள் ரூல்னு சொல்லி 60,000 டாலர் கிடைச்சுது. அதே கப்பல், அதே மாதிரி தோள்பட்டை அடி, எனக்கு மட்டும் ஏன் இல்ல?
– வாசகர், சென்னை

ஏன்னா அவங்க நாட்டு அரசாங்கம் ஒவ்வொரு மாலுமி கான்ட்ராக்ட்லயும் கட்டாயமா சேர்க்க வேண்டிய ஷரத்துகளை எழுதி வச்சிருக்கு. இறங்கி மூணு வேலை நாளுக்குள்ள கம்பெனி டாக்டர்கிட்ட போய் நிக்கணும், நிக்கலன்னா உரிமை போயிரும். அந்த டாக்டர் 120 நாளுக்குள்ள இறுதியா ஒரு முடிவு சொல்லணும், இன்னும் வைத்தியம் தேவைன்னு காரணம் காட்டினா மட்டும் 240 நாள். முடிவே சொல்லாம இழுத்தடிச்சா, சட்டத்தோட பார்வையில அது நிரந்தர முழு ஊனம். அவங்க உச்ச நீதிமன்றம் 2008-லயும் 2015-லயும் குடுத்த தீர்ப்புகள் இதைத் தெளிவாக்குச்சு. ஊனத்தை 14 கிரேடா பிரிச்சிருக்காங்க, முதல் கிரேடுக்குத்தான் அந்த 60,000. பட்டியல்ல இல்லாத வியாதியா இருந்தாலும் வேலையால வந்ததுன்னுதான் முதல்ல எடுத்துக்குவாங்க, இல்லன்னு காட்டுற பாரம் கம்பெனி தலையில.

அங்கயும் எல்லாம் சரியா இருக்குன்னு இல்ல. கேஸ் பிடிச்சுக் குடுக்குற புரோக்கர்கள் பெருகி, வக்கீல் ஃபீஸ் 10 சதவீதத்துக்கு மேல போகக் கூடாதுன்னு 2015-ல தனிச் சட்டமே போட வேண்டி வந்துச்சு. 2024 செப்டம்பர்ல மாலுமிகளுக்குன்னு ஒரு பெரிய உரிமைச் சட்டம் வந்துச்சு, ஆனா ஜெயிச்ச தொகையை அப்பீல் முடியுறதுக்கு முன்னாடி வாங்கணும்னா மாலுமியே பாண்ட் கட்டணும்ங்கிற பிரிவை அங்க மாலுமிங்க கடுமையா எதிர்த்தாங்க.

உங்களுக்கு 120 நாள் ரூல் கிடையாது. ஆனா நாள் கணக்கு இல்லன்னா கிளெய்மே இல்லன்னு ஆயிடாது, உங்க சிபிஏல இருக்குற ஊன அட்டவணையும் மூணாவது டாக்டர் ஷரத்தும் உங்களுக்கும் உண்டு. நம்ம நாட்டுலயும் டாக்டர் முடிவு சொல்ல இப்படி ஒரு கெடு வைக்கணும். கப்பல்ல இவ்வளவு இந்தியப் பிள்ளைங்க வேலை பாக்குறாங்க, அவங்களை மாசக் கணக்குல "அடுத்த வாரம் வா, அடுத்த வாரம் வா"ன்னு அலைய விடுறது கொடுமை.

என் மகன் வளைகுடாவுல மீன்பிடிப் படகுல வேலை பாக்குறான். வலை இழுக்குற மெஷின்ல கால் மாட்டி இப்ப நடக்க முடியல. எம்எல்சியில கேக்கலாமா?
– வாசகர், குளச்சல்

முடியாதுங்க, மீன்பிடிப் படகை எம்எல்சியில சேர்க்கல. மீனவர்களுக்குன்னு ஐஎல்ஓவோட 188-ஆவது உடன்படிக்கை தனியா இருக்கு, 2017 நவம்பர்ல அமலுக்கு வந்துச்சு, அதுல இந்தியா இன்னும் சேரல. கடல்ல அதிக ஆபத்துல இருக்குறவங்களுக்குத்தான் பாதுகாப்பு குறைவா இருக்கு, எனக்கு இதை எழுதும்போதே மனசு பொறுக்கல.

ஒண்ணு பாருங்க. மகன் இசிஆர் பாஸ்போர்ட்ல (சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி தேவைப்படுற பாஸ்போர்ட்) எமிக்ரேஷன் கிளியரன்ஸ் வாங்கிப் போயிருந்தா, பிரவாசி பாரதிய பீமா யோஜனா இன்சூரன்ஸ் கட்டாயம் எடுத்திருப்பாங்க. விபத்துல சாவோ நிரந்தர ஊனமோ வந்தா 10 லட்சம். பாலிசி பேப்பரைத் தேடுங்க, ஏஜென்ட்கிட்ட இருக்கும். கூடவே அந்த நாட்டு லேபர் ஆபீஸ்லயும் இந்தியத் தூதரகத்துலயும் மகன் அங்க இருக்கும்போதே புகார் பதிவு பண்ணிரணும், ஊருக்கு வந்துட்டா அந்தப் பக்கம் கதவு ரொம்பக் கஷ்டப்பட்டுத்தான் திறக்கும்.

அடிபட்டு எட்டு மாசம் ஆச்சு. இப்ப கம்பெனி கப்பலை வித்துட்டாங்களாம், ஆபீஸ்ல ஃபோனே எடுக்க மாட்டேங்குறாங்க. ஏஜென்டும் லைசென்ஸ் இல்லாத ஆளுன்னு இப்பத்தான் தெரியுது. எல்லாம் போச்சா?
– வாசகர், கடலூர்

போகல, ஆனா சீக்கிரம் ஓடணும். கப்பல் கை மாறினாலும் சில கடன்கள் கப்பலோடயே ஒட்டிக்கிட்டுப் போகும். 2017-ல வந்த நம்ம அட்மிரால்டி சட்டத்துல (கப்பல் மேலயே கேஸ் போடுறதுக்கான சட்டம்) அந்த வரிசை இருக்கு: முதல்ல மாலுமிகளோட சம்பள பாக்கி, அடுத்த இடத்துலயே கப்பல் இயக்கத்துல நேரடியா ஏற்பட்ட சாவு, காயத்துக்கான கிளெய்ம். துறைமுக பாக்கி எல்லாம் இதுக்குப் பின்னாடிதான். கப்பல் சென்னைக்கோ எண்ணூருக்கோ தூத்துக்குடிக்கோ வந்தா மெட்ராஸ் ஹைகோர்ட்ல கேஸ் போட்டு அங்கயே பிடிச்சு வைக்கலாம், மும்பை, கொச்சி, குஜராத் பக்கம் வந்தா அந்தந்த ஹைகோர்ட்.

ஐஎம்ஓ நம்பர் கப்பல் பேர் மாறினாலும் மாறாது, அதை வச்சு இன்டர்நெட்ல கப்பல் எங்க இருக்குன்னு பாத்துக்கிட்டே இருக்கலாம். சம்பள பாக்கிக்கு இந்த உரிமை ரெண்டு வருஷம் நிக்கும், காயத்துக்கு ஒரே வருஷம்தான், அதுக்குள்ள கப்பலை அரெஸ்ட் பண்ணியிருக்கணும். உங்களுக்கு மிச்சம் நாலு மாசம். லைசென்ஸ் இல்லாத ஏஜென்ட் பத்தி டிஜி ஷிப்பிங்லயும் போலீஸ்லயும் தனித்தனியா புகார் குடுங்க, அது நடக்குறபடி நடக்கட்டும். இந்த வாரமே அட்மிரால்டி கேஸ் பாக்குற வக்கீல் ஒருத்தரைப் பாத்து கான்ட்ராக்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, சிடிசி மூணையும் அவர் கையில குடுத்துருங்க.